‘சைக்ளோன்’ என்று பெயர் வைத்தவர்: அந்தமான் புயலை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன்

அந்தமான் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் போதும், உங்கள் மொபைலில் மேப்கள் குவிந்துவிடும். ஒரு மாடல் சென்னையைக் காட்டும், இன்னொன்று ஒடிசாவைக் காட்டும். எதை நம்புறதுன்னு குழப்பமா? இந்தக் குழப்பம் கணினிக்கு முன்பே இருந்தது.

யார் இவர்?

1797-ல் பிறந்த ஆங்கிலேயர். வணிகக் கப்பல் கேப்டனாக இருந்து கல்கத்தாவில் தங்கிவிட்டவர். 1839 முதல், புயலில் சிக்கிய கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டி, காற்றின் திசையையும் பாரோமீட்டர் அளவையும் ஒப்பிட்டு வந்தார்.

அந்தமானில் என்ன நடந்தது?

1844 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து ‘ரன்னிமீட்’, சிட்னியிலிருந்து ‘பிரிட்டன்’ என இரண்டு கப்பல்கள் சிப்பாய்களோடு கல்கத்தா நோக்கி வந்தன. ஒரே புயல் இரண்டையும் அந்தமானின் ஒரே தீவில் தூக்கி வீசியது. பொழுது விடிந்த பிறகுதான் பக்கத்தில் இன்னொரு கப்பல் கிடப்பதே தெரிந்தது! ஒரே புயலுக்கு இரண்டு சாட்சிகள். பிடிங்டன் விடுவாரா? இதை வைத்துத் தனிக் கட்டுரையே எழுதினார்.

அன்றைய இரண்டு ‘மாடல்கள்’

அமெரிக்காவின் ரெட்ஃபீல்ட், புயலில் காற்று வட்டமாகச் சுழல்கிறது என்றார். எஸ்பி, ஈரக்காற்று சூடாகி மேலே ஏற, காற்று எல்லாப் பக்கமிருந்தும் மையத்துக்குப் பாய்கிறது என்றார். பிடிங்டன் சுழற்சியின் பக்கம் நின்றார். 1848-ல் மாலுமிகளுக்கான கையேட்டை எழுதி, பாம்புச் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்ளோன்’ என்ற பெயரைத் தந்தார். கடல் மேப்பின் மேல் வைத்து மையத்தைக் கண்டுபிடிக்க, கொம்பில் செய்த ஒளி ஊடுருவும் அட்டைகளும் அதோடு வந்தன.

யார் சொன்னது சரி? இரண்டு பேருமே பாதி சரி. காற்று சுழன்றுகொண்டே உள்ளே போகிறது. மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து மேகமாகும்போது வெளிவிடும் வெப்பம்தான் புயலின் எஞ்சின்.

கேட்கப்படாத எச்சரிக்கை

சுந்தரவனத்தில் மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் கட்டினால் புயல் அலை அதை அடித்துப்போகும் என்று 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதினார். யாரும் கேட்கலை. போர்ட் கேனிங் எழுந்தது. பிடிங்டன் 1858-ல் இறந்தார். 1867-ல் வந்த புயல் அலை துறைமுகத்தைச் சிதைத்தது.

இப்போது?

மேகக் கூட்டங்கள் பல மாடல்களின் கட்டங்களைவிடச் சிறியவை. அதனால் உள்ளே எவ்வளவு காற்று மேலேறுகிறது என்பதை ஒவ்வொரு மாடலும் தன் வழியில் கணிக்கிறது. மேப்கள் மாறுபட இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை ஒரே ஒரு மேப்பை மட்டும் பார்த்து ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பலவற்றை ஒப்பிட்டு வானிலை மையம் தரும் எச்சரிக்கையைக் கேளுங்க.