ஃபேனி ஜாக்சன் காப்பின் அம்மையார்

பிறப்பு ஒன்றே காரணமாக ஒருவர் ஆசிரியராகத் தகார் என்னும் கொள்கை பல நாடுகளில் நெடுங்காலம் நிலவிற்று. அமெரிக்க நாட்டில் அதனைத் தம் வாழ்க்கையாற் பொய்ப்பித்தவர் இவ்வம்மையார்.

1837-ல் வாஷிங்டன் நகரில் அடிமையாகப் பிறந்தார். தாயின் உடன்பிறந்தாளாகிய சாரா, மாதம் 6 டாலர் ஊதியத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்து, 125 டாலர் கொடுத்து இவரை மீட்டார். பின்னர் வீட்டுவேலை செய்துகொண்டே பயின்று, 1860-ல் ஒஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியிற் சேர்ந்தார்.

மேல்வகுப்பு மாணவர் சிலரை ஆயத்த வகுப்புகளுக்கு ஆசிரியராக்குதல் அக்கல்லூரியின் வழக்கம். கறுப்பினத்தவராகிய அம்மையாரை நியமித்த கல்லூரியார், மாணவர் எதிர்ப்பின் தாம் வற்புறுத்தப் போவதில்லை என முன்னரே அறிவித்தனர். முதல்நாள் சிலர் முகத்தில் வியப்புத் தோன்றிற்று, எதிர்ப்பு எழவில்லை. வகுப்பு பெருகி இரண்டாகப் பிரிக்கப்பட்டது. பிரித்த பின்னும் முன்போல் நிறைந்தது. அஞ்சியவர் கல்லூரியாரே, கற்க வந்தோர் கற்பித்தலையே நோக்கினர்.

1865-ல் பட்டம் பெற்று, பிலடெல்பியா நகரில் குவேக்கர் சபையார் நிறுவிய கறுப்பின இளைஞர் கல்விக்கழகத்தில் ஆசிரியையானார். 1869 முதல் 1902 வரை அதன் தலைமைப் பொறுப்பேற்று, ஆசிரியர் பலரை உருவாக்கினார். 1913-ல் மறைந்தார். பால்டிமோர் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியொன்று 1926-ல் அவர் பெயர் பூண்டது. இன்று அது பல்கலைக்கழகமாக விளங்குகிறது.

அன்பர்களே! ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறத்தல் பாதி நீதியே. அம்மக்களுள் கற்றோரை ஆசிரியர் இருக்கையில் அமர்த்துதலே முழு நீதியாம்.