கேரில் செஸ்மன்

கேரில் செஸ்மன் (மே 27, 1921 – மே 2, 1960) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதியும் எழுத்தாளரும் ஆவார். தண்டனைக்கு எதிராகச் சுமார் 12 ஆண்டுகள் மாநில நீதிமன்றங்களிலும் நடுவண் நீதிமன்றங்களிலும் வழக்காடியமையால் உலகெங்கும் அறியப்பட்டார்.

இளமை

மிச்சிகன் மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்து, கலிபோர்னியாவில் வளர்ந்தார். இளமையிலேயே குற்றச்செயல்களில் ஈடுபட்டுப் பலமுறை சிறை சென்றார். 1947 டிசம்பரில் நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டார்.

வழக்கு

1948 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில், காவல்துறை வண்டியைப் போன்ற சிவப்பு விளக்கைக் காட்டி, தனியிடங்களில் நின்ற வாகனங்களில் இருந்தோரைக் கொள்ளையடிக்கும் நிகழ்வுகள் தொடர்ந்தன. பெண்கள் இருவர் பாலியல் வன்முறைக்கு உள்ளாயினர். அம்மாதமே செஸ்மன் கைது செய்யப்பட்டார். வழக்கறிஞரை ஏற்காமல் தாமே வாதாடினார். 17 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. எவரும் கொல்லப்படவில்லை, எனினும் உடற்காயத்துடன் கூடிய ஆட்கடத்தலுக்கு மரண தண்டனை வழங்க அன்றைய மாநிலச் சட்டம் இடமளித்தது. காவலர் அடித்துத் தம்மிடம் ஒப்புதல் பெற்றனர் என்றும், தாம் குற்றமற்றவர் என்றும் அவர் இறுதிவரை கூறிவந்தார்.

மேல்முறையீடு

மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சிகளை மீண்டும் விசாரிப்பதில்லை; விசாரணையின் எழுத்துப் பதிவைக் கொண்டே முடிவு செய்கிறது. இவ்வழக்கில் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் தம் குறிப்புகளின் பெரும்பகுதியைப் பெயர்த்தெழுதும் முன்னரே இறந்தார். அப்பணி, அரசு வழக்கறிஞருக்குத் திருமண வழி உறவினரான வேறொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. செஸ்மனோ அவர் சார்பில் வழக்கறிஞரோ இல்லாமலேயே அப்பதிவு உறுதி செய்யப்பட்டது. அதனடிப்படையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1951இல் தண்டனையை உறுதிப்படுத்தியது.

நடுவண் நீதிமன்றங்களில்

மாநில நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டவர், அங்குள்ள வழிகள் முடிந்தபின் நடுவண் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு அளிக்கலாம். குற்றம் செய்தாரா என்பதன்று, அவரைச் சிறையில் வைத்திருப்பது அரசியலமைப்புக்கு முரணானதா என்பதே அங்கு முதன்மையான கேள்வி. பதிவில் மோசடி நிகழ்ந்ததாகச் செஸ்மன் அளித்த மனு விசாரணையின்றித் தள்ளப்பட்டது. 1955இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதனை விசாரிக்குமாறு ஆணையிட்டது. விசாரித்த நடுவண் மாவட்ட நீதிபதி லூயி குட்மன், மோசடி இல்லை என 1956இல் முடிவு செய்தார்.

1957 சூன் 10 அன்று உச்ச நீதிமன்றம் செஸ்மனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. நீதிபதி ஆர்லன் எழுதிய இத்தீர்ப்பின்படி, பதிவை உறுதி செய்கையில் கைதியோ அவர் வழக்கறிஞரோ பங்கேற்க இடமளிக்காதது முறையான சட்ட நடைமுறையை மீறியதாகும். ஆயினும் புதிய விசாரணைக்கு ஆணையிடப்படவில்லை. பதிவு திருத்தப்பட்ட பின், 1959இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது.

நூல்கள்

சான் குவென்டின் சிறையிலிருந்தபடியே நான்கு நூல்களை எழுதினார். 1954இல் வெளியான "அறை 2455, மரண வரிசை" என்னும் தன்வரலாறு பெரும் வரவேற்பைப் பெற்று, மறு ஆண்டு திரைப்படமானது.

இறப்பு

1960 பெப்ரவரியில் ஆளுநர் பாட் பிரவுன் தண்டனையை 60 நாட்கள் ஒத்திவைத்தார். முன்பே தண்டனை பெற்றவர் என்பதால், மாநில உச்ச நீதிமன்றத்தின் பரிந்துரையின்றி ஆளுநர் தண்டனையைக் குறைக்க இயலாது. நீதிபதிகள் 4–3 என்ற கணக்கில் பரிந்துரைக்க மறுத்தனர். மரண தண்டனையை ஒழிக்க ஆளுநர் கொணர்ந்த சட்டமுன்வரைவும் தோல்வியுற்றது.

மே 2 காலை, நீதிபதி குட்மன் சிறிது நேரத் தடை வழங்க இசைந்தார். அவருடைய செயலர் சிறையின் தொலைபேசி எண்ணை முதலில் தவறாகச் சுழற்றினார். சரியான எண்ணில் தொடர்பு கிடைத்தபோது நச்சுவாயு வெளியேறத் தொடங்கியிருந்தது. அப்போது செஸ்மனுக்கு வயது 38.

பின்விளைவு

இவ்வழக்கு மரண தண்டனைக்கு எதிரான இயக்கத்திற்கு வலுவூட்டியது. 1996ஆம் ஆண்டின் நடுவண் சட்டம் ஆட்கொணர்வு மனுவுக்குப் பொதுவாக ஓராண்டுக் காலவரம்பு விதித்து, இரண்டாம் மனுவையும் கட்டுப்படுத்தியது. இதனால் செஸ்மன் பலமுறை நாடிய அவ்வழி இன்று மிகவும் குறுகியுள்ளது.