ஆட வந்த பாலசரசுவதி

நீலகிரியில் பிக்கட்டி போன்ற படகர் ஊர்களில் திருவிழா என்றால் வட்டமாக நின்று ஆடுவார்கள். ஆடுவது அங்கே பெருமை. ஆனால், ஆடியதற்காகவே ஒரு குலத்தை இழிவாகப் பேசிய காலமும் தமிழ்நாட்டில் இருந்தது. அந்தக் குலத்தில் 1918-ல் சென்னையில் பிறந்தவர்தான் பாலசரசுவதி.

பாட்டி, புகழ்பெற்ற வீணை தனம்மாள். தாய் ஜெயம்மாள் பாடகி. நட்டுவனார் கந்தப்ப பிள்ளை மிகவும் கண்டிப்பானவர். 1925-ல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம். அப்போது வயது 7!

பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை 1947-ல் சட்டம் ஒழித்தது. அது நல்லதுதான். ஆனால் பரம்பரையாக ஆடியவர்களுக்கு மேடையும் குறைந்தது. பெரிய இடத்துப் பெண்கள் ஆட வந்தார்கள். பதங்களில் உள்ள காதலை நீக்கி விடலாம் என்றார்கள் சிலர். பாலசரசுவதி இணங்கவில்லை. இறைவனையே நாயகனாக எண்ணி உருகுவதில் என்ன குற்றம் என்பது அவர் எண்ணம். பாடிக்கொண்டே அவர் அபிநயம் பிடித்தால் சபை அசையாது.

1962-ல் அமெரிக்கா சென்றார். அங்கே வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவர்கள் அவரிடம் அடவு பழகினார்கள். உள்ளூரில் ஏளனம் கேட்ட கலைக்குக் கடல் கடந்து மாணவர்கள்!

பிறகு சென்னையும் விழித்துக்கொண்டது. 1973-ல் மியூசிக் அகாடமி 'சங்கீத கலாநிதி' பட்டம் வழங்கியது. நடனம் ஆடும் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை. 1976-ல் சத்தியஜித் ராய் அவரைப் படம் எடுத்தார். கடற்கரைக் காற்றில் சேலை பறக்க, அவர் கண்ணனை அழைத்து ஆடுவதை அதில் இன்றும் காணலாம்.

1984 பிப்ரவரி 9-ந் தேதி பாலசரசுவதி காலமானார். அவரிடம் பயின்ற மகள் லட்சுமி தொடர்ந்து ஆடினார்.