இருளிலும் பாடிய கவிஞர் வில்லியம் கூப்பர்

துன்பக் காலத்தில் இறைவனைப் பற்றிக்கொண்டோர் முடிவில் ஆறுதல் பெற்றனர் என்று உரைக்கும் வரலாறுகள் கிறித்தவ இலக்கியத்தில் மிகப் பல. யோபுவின் வரலாறும் இழந்தவற்றை இரட்டிப்பாகப் பெற்றதோடு நிறைவுறுகிறது. ஆயின், பிறர்க்கெல்லாம் ஆறுதல் தரும் பாடல்களை இயற்றிவிட்டு, அவ்வாறுதல் தமக்கு உரியதன்று என்று 27 ஆண்டுகள் எண்ணி வாழ்ந்து மறைந்த கவிஞர் ஒருவரும் உண்டு. அவரே 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பர்.

கூப்பர் 1731ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் பெர்க்காம்ஸ்டெட் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர்த் திருச்சபையின் குரு. ஆறு வயது நிரம்பும் முன்னரே கூப்பர் தாயை இழந்தார். அடுத்துச் சென்ற விடுதிப் பள்ளியில் மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானார். பின்னர் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் பயின்று, சட்டக் கல்வியும் பெற்று, 1754இல் வழக்கறிஞரானார். தம் உறவுப் பெண் தியடோராவை விரும்பினார். அவள் தந்தை இசையவில்லை. இருவரும் இறுதிவரை மணம் செய்துகொள்ளாமலேயே வாழ்ந்தனர்.

1763இல் பிரபுக்கள் அவையில் எழுத்தர் பதவி ஒன்று அவருக்குக் கிடைக்கவிருந்தது. அதற்கு அவையின் முன் நின்று தேர்வுக்கு உட்பட வேண்டும் என்ற செய்தி அவர் மனத்தை நிலைகுலையச் செய்தது. உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். செயின்ட் ஆல்பன்ஸ் நகரில் மருத்துவர் நத்தானியேல் காட்டன் நடத்திய மனநல இல்லத்தில் சேர்க்கப்பட்டார். பரிவே அம்மருத்துவரின் முதல் மருந்தாக இருந்தது. அங்கே 1764இல் ஒருநாள், உரோமருக்கு எழுதப்பெற்ற திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தைக் கூப்பர் படித்தார். கிறிஸ்துவின் இரத்தத்தால் வரும் மன்னிப்பைக் கூறும் அப்பகுதி அவர் உள்ளத்தைத் திறந்தது. அருள் தமக்கும் உண்டு என்னும் மகிழ்ச்சியோடு அவ்வில்லத்தினின்றும் வெளிவந்தார்.

ஹண்டிங்டன் ஊரில் அன்வின் குடும்பம் அவருக்குப் புகலிடம் தந்தது. 1767இல் குடும்பத் தலைவர் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். அவர்தம் மனைவி மேரி அன்வினும் கூப்பரும் ஓல்னி என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தனர். பின்னல் சரிகை செய்து பிழைக்கும் ஏழைகள் மிகுந்த ஊர் அது. ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவராயிருந்து, மனம் மாறிக் குருவான ஜான் நியூட்டன் அங்குத் திருப்பணி செய்துவந்தார். அவர் தூண்டுதலால் இருவரும் இணைந்து பாமாலைகள் புனைந்தனர். அவை 1779இல் 'ஓல்னிப் பாமாலைகள்' என்னும் நூலாக வெளிவந்தன. 348 பாடல்கள் கொண்ட அந்நூலில் பெரும்பகுதி நியூட்டனுடையது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூப்பருடையது.

1773ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளில், இன்று உலகெங்கும் பாடப்பெறும் தம் அருட்பாடலை நியூட்டன் ஓல்னி சபைக்கு அளித்தார். இறைவனின் வழிகள் மனித அறிவுக்கு எட்டாதவை என்று கூறும் கூப்பரின் புகழ்பெற்ற பாடலும் அந்நாள்களை ஒட்டியே எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. அருளைப் பற்றிய இரு பெரும் பாடல்கள் ஓரூரில் பிறந்த அதே மாதத்தில் கூப்பரின் மனம் மீண்டும் உடைந்தது. அடுத்துக் கண்ட ஒரு கனவில், இறைவன் தம்மைக் கைவிட்டுவிட்டார் என்னும் தீர்ப்பைக் கேட்டதாக அவர் நம்பினார். அன்றிலிருந்து இறக்கும் வரை அவர் வழிபாட்டுக்குச் செல்லவில்லை. இறைவன் உண்டு, அவர் அருளாளர், ஆயினும் அவ்வருள் எனக்கு மட்டும் இல்லை என்பதே அவர் கொண்ட கொடிய முடிவு. நாத்திகத்தினும் துயரமான நிலை இது எனலாம்.

அவர் உணராத அருள் பிறர் கைகளின் வழியே அவரிடம் வந்துகொண்டிருந்தது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. நியூட்டன் தம் இல்லத்திலேயே அவரை ஓராண்டுக்கு மேல் வைத்துப் பேணினார். மேரி அன்வின் இரவும் பகலும் உடனிருந்து காத்தார். அவர்கள் இருவரும் மணம் செய்துகொள்ள எண்ணியிருந்ததை அந்நோய் தடுத்துவிட்டது, அன்பைத் தடுக்கவில்லை. 1774இல் அண்டை வீட்டார் கொடுத்த முயல்குட்டியைத் தொடர்ந்து, மூன்று முயல்களைக் கூப்பர் வளர்க்கலானார். அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்தது. தச்சு வேலை செய்தார், தோட்டம் அமைத்தார், குளிர்நாட்டில் அரிதில் விளையும் வெள்ளரியைப் பயிரிட்டார். சிறு உயிர்களைப் பேணும் கடமை அவரை ஒவ்வொரு நாளாக வாழ வைத்தது.

கவிதையும் அத்தகையதொரு தொழிலாக அவருக்கு அமைந்தது. 1782இல் முதல் கவிதைத் தொகுதி வந்தபோது அவருக்கு வயது 50. அவர் சோர்ந்திருந்த ஒரு மாலையில் ஆஸ்டன் சீமாட்டி என்னும் தோழி கூறிய வேடிக்கைக் கதையைக் கேட்டுச் சிரித்து, ஜான் கில்ப்பினின் குதிரைச் சவாரியைப் பற்றிய நகைச்சுவைப் பாடலைப் புனைந்தார். இங்கிலாந்து முழுதும் அதைப் படித்துச் சிரித்தது. அதே தோழி, சாய்விருக்கையைப் பாடுபொருளாகக் கொடுக்க, 1785இல் 'தி டாஸ்க்' என்னும் ஆறு பகுதிகள் கொண்ட நெடுங்கவிதை பிறந்தது. நாட்டுப்புற வாழ்வை எளிய மொழியில் பாடிய அக்கவிதை வேர்ட்ஸ்வொர்த் முதலியோர்க்கு வழி வகுத்தது. 1788இல் அடிமை வணிகத்தைக் கண்டித்துப் பாடல்கள் எழுதினார். தம்மை மீட்பில்லாதவர் என எண்ணியவர், விலங்கிடப்பட்ட மனிதரின் விடுதலைக்காகக் குரல் கொடுத்தார்.

1791இல் ஹோமரின் காவியங்களை மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே ஆண்டின் இறுதியில் மேரி வாத நோயால் தாக்கப்பட்டார். தம்மைக் காத்தவரைக் காக்கும் பொறுப்பு இப்போது கூப்பருக்கு வந்தது. எழுத்துப் பணியைத் தள்ளிவைத்து அவருக்குத் தொண்டு செய்தார். நன்றியுணர்வு ததும்ப 'மேரிக்கு' என்னும் கவிதையையும் எழுதினார். 1795இல் உறவினர் ஜான் ஜான்சன் இருவரையும் நார்ஃபோக் பகுதிக்கு அழைத்துச் சென்றார். 1796 டிசம்பரில் மேரி மறைந்தார். 1799இல் கூப்பர் தம் இறுதிப் பெருங்கவிதையான 'தி காஸ்ட்டவே'யை எழுதினார். அலையால் கப்பலினின்றும் வீசப்பட்டு, தோழர்கள் காப்பாற்ற இயலாமல் மூழ்கிய மாலுமியின் கதை அது. அம்மாலுமியில் அவர் தம்மையே கண்டார். 1800ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் ஈஸ்ட் டெரகாமில் அவர் உயிர் பிரிந்தது.

உயிர் நீங்கிய முகத்தில் அமைதியோடு கலந்த ஒரு புனித வியப்புத் தோன்றியதாக ஜான்சன் பதிவு செய்துள்ளார். அன்பர் ஒருவரின் கண் கண்டது அது. அதைக் கொண்டு எதனையும் நிறுவ இயலாது. ஆயின் கூப்பரின் வாழ்க்கையை மதிப்பிட அச்சான்று தேவையுமில்லை. தாம் உணராத ஒன்றைப் பாடுவது பொய்யாகாதா என்னும் வினா கவிஞர்க்கு எழுவது இயல்பு. கூப்பர் தாம் அறிந்த காலத்தில் அருளைப் பாடினார். அதை உணர இயலாத காலத்தில் அறிந்ததாக நடிக்காமல், தம் இருளையே உண்மையாகப் பாடினார். இரண்டிலும் அவர் பொய் கூறவில்லை. ஆதலால்தான் அவர் பாமாலைகளைத் துயருற்றோர் இன்றும் நம்பிப் பாடுகின்றனர். உணர்வு அணைந்த பின்னும் அன்பு செய்யும் கடமை அணையவில்லை என்பதே அவர் வாழ்வு விட்டுச் சென்ற செய்தியாகும்.