பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் வைக்கணும்னு அடம்பிடிச்ச மாணவன்: யார் இந்த ஃபிலிப் வின்சென்ட்?

ஸ்போர்ட்ஸ் பைக் வெச்சிருக்கறவங்க எக்ஸாஸ்ட், டயர் எல்லாம் மாத்தி முடிச்ச பிறகு அடுத்து கண்ணு வைக்கிற பொருள் ஒண்ணு இருக்கு: எலெக்ட்ரானிக் ரியர் ஷாக். விலையைக் கேட்டா, அந்தக் காசுக்கு ஆபீஸ் போக இன்னொரு பைக்கே வாங்கிடலாம் போலன்னு தோணும். அப்படி என்ன செய்யுது அது?

பைக்கின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அமுங்கிய ஸ்பிரிங் சும்மா இருக்காது, மேலே கீழே ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்குக்குள் இருக்கும் ஆயிலின் வேலை. சின்னத் துளைகள் வழியாக ஆயில் நெருக்கிப் போகும்போது ஆட்டம் தணிகிறது. இதற்குப் பெயர் டேம்பிங். சாதாரண ஷாக்கில் துளை எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதை நாம் ஸ்க்ரூவைத் திருகி முடிவு செய்கிறோம். எலெக்ட்ரானிக் ஷாக்கில் அதை ஒரு குட்டி மோட்டாரோ மின்காந்த வால்வோ செய்கிறது. பிரேக், த்ராட்டில், பைக் சாய்ந்திருக்கும் கோணம் எல்லாவற்றையும் பார்த்து, கண் இமைக்கும் நேரத்துக்குள் கம்ப்யூட்டர் துளையைக் கூட்டிக் குறைக்கும். பி.எம்.டபிள்யூ. 2004-ல் கே1200எஸ் பைக்கில் பட்டனை அழுத்தி சஸ்பென்ஷனை மாற்றும் வசதியைக் கொண்டுவந்தது. ஓடும்போதே தானாக மாறிக்கொள்ளும் வகை, அதே கம்பெனியின் எச்.பி.4 மூலம் 2013 வாக்கில் சூப்பர்பைக்குகளுக்கு வந்தது.

இவ்வளவும் சொகுசுக்காக இல்லை. டயர் ரோட்டை விட்டுப் பிரியக் கூடாது, அவ்வளவுதான். காற்றில் இருக்கும் டயரால் பிரேக் பிடிக்க முடியாது, வளைய முடியாது, வேகம் எடுக்கவும் முடியாது.

இன்னைக்கு இது யாருக்கும் புதுசு இல்லை. ஆனால் 1920-களில் இதைச் சொன்னால் சிரித்தார்கள். அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக்குகளில் முன்சக்கரத்துக்கு ஏதோ ஒரு ஸ்பிரிங் இருக்கும். பின்சக்கரம்? நம்ம சைக்கிள் மாதிரி நேராக ஃப்ரேமில் முடுக்கியிருப்பார்கள். ஓட்டுபவரின் முதுகெலும்பைக் காப்பாற்ற சீட்டுக்கு அடியில் இரண்டு ஸ்பிரிங். சக்கரம் குழியில் விழுந்தால் பைக்கின் பின்பாதி மொத்தமும் துள்ளும். அதற்கு முன்பும் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவற்றில் பல, வளைவில் பக்கவாட்டில் நெளிந்து பேரைக் கெடுத்துக்கொண்டன. அதனால், பின்னால் ஸ்பிரிங் வைத்தால் பைக் ரோட்டில் நிற்காது என்பது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது.

அந்த நம்பிக்கையோடு வாழ்நாள் முழுக்க மோதியவர்தான் ஃபிலிப் கான்ராட் வின்சென்ட்.

மாட்டுப் பண்ணைக் காசு

பிறந்தது 1908 மார்ச் 14. குடும்பத்துக்கு அர்ஜென்டினாவில் மாட்டுப் பண்ணை. சின்ன வயது அங்கே, படிப்பு இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில், பிறகு கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங். வசதியான வீட்டுப் பையன்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவன் கிறுக்குக்குப் பணம் கொடுக்க அப்பா இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

கல்லூரியில் இருக்கும்போதே, 1927-ல், ஸ்விட்சர்லாந்தின் எம்.ஏ.ஜி. இன்ஜினை வைத்து சொந்தமாக ஒரு பைக்கைக் கட்டினார். அதில்தான் அவருடைய பின்பக்க சஸ்பென்ஷன் முதலில் வந்தது. 1928-ல் அதற்கு பேடன்ட். அப்போது வயது 20.

டிசைன் என்னவென்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏன்னா கதையே இதில்தான் இருக்கு. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குழாய்களை இரு பக்கமும் முக்கோணமாக இணைத்தார். அந்த முக்கோணத்தின் கீழ் மூலை, இன்ஜினுக்குப் பின்னால் ஒரு அச்சில், உறுதியான பேரிங்கில் சுழலும். மேல் மூலை, சீட்டுக்கு அடியில் கிட்டத்தட்ட படுக்கை வாக்கில் இருக்கும் ஸ்பிரிங்குகளை அழுத்தும். சக்கரம் மேலே ஏறினால் முக்கோணம் மொத்தமும் கதவு போல் சுழலும், ஸ்பிரிங் அமுங்கும். முக்கோணம் நெளியாது என்பது பாலம் கட்டுபவர்களுக்குத் தெரிந்த விஷயம். முன்னால் வந்த ஸ்பிரிங் ஃப்ரேம்களின் நெளிவு நோய்க்கு அதுதான் மருந்து.

ஐடியா ரெடி. ஆனால் 20 வயசுப் பையன் பேரில் வரும் பைக்கை யார் வாங்குவாங்க? அதனால் ஒரு பேரை வாங்கினார். ஹோவர்ட் டேவிஸ் என்ற ரேஸர், 1921-ல் ஐல் ஆஃப் மேன் டி.டி. ரேஸின் 500 சி.சி. பிரிவை 350 சி.சி. பைக்கில் ஜெயித்தவர். தன் முதலெழுத்துகளில் எச்.ஆர்.டி. என்ற கம்பெனி தொடங்கி, 1925-ல் தன் சொந்தப் பைக்கிலேயே மறுபடியும் ஜெயித்தார். ரேஸில் வந்த வெற்றி கணக்குப் புத்தகத்தில் வரவில்லை. 1928-ல் கம்பெனி மூடப்பட்டு கைமாறியது. அந்தப் பேரையும் கருவிகளையும் வின்சென்ட் 450 பவுண்டுக்கு, அப்பாவின் பணத்தில், வாங்கினார். லண்டனுக்கு வடக்கே ஸ்டீவனேஜ் ஊரில் வின்சென்ட் எச்.ஆர்.டி. பிறந்தது.

விற்பனை? சுமார்கூட இல்லை. எச்.ஆர்.டி. என்ற பேரை நம்பி வந்தவர்கள், பின்னால் ஸ்பிரிங் இருப்பதைப் பார்த்துத் தயங்கினார்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மற்றவர்களைப் போல ஒரு பைக் செய்திருந்தால் வாழ்க்கை எளிதாக இருந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. பிடிவாதமா, தெளிவா? அந்த வருஷங்களில் பார்த்தவர்களுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கும்.

4 விநாடி

1931-ல் ஃபில் இர்விங் என்ற ஆஸ்திரேலிய இன்ஜினீயர் வந்து சேர்ந்தார். இனிமேல் வரும் நல்லவை பலவற்றில் பாதிப் பங்கு இவருடையது. 1934 டி.டி. ரேஸில் வெளியிலிருந்து வாங்கிய ஜே.ஏ.பி. இன்ஜின்கள் மானத்தை வாங்க, சொந்த இன்ஜினே செய்துவிடலாம் என்று இருவரும் இறங்கினார்கள். சில மாதங்களில் 500 சி.சி. ஒற்றை சிலிண்டர் இன்ஜின் தயார். மீட்டியர், காமெட் என்ற மாடல்கள் அதில் வந்தவை.

அடுத்த வருஷம் வேறொருவர் கையால் வின்சென்ட்டின் வாதம் ஜெயித்தது. 1935 சீனியர் டி.டி.யில் ஸ்டான்லி வுட்ஸ், இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி பைக்கில் போட்டியிட்டார். அதன் பின்சக்கரத்துக்கு சஸ்பென்ஷன் இருந்தது. எதிரில், பின்னால் ஸ்பிரிங் இல்லாத நார்ட்டனில் ஜிம்மி கத்ரி. நார்ட்டன்தான் அப்போ ராஜா. வுட்ஸ் 4 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். நார்ட்டனும் அடுத்த வருஷமே தன் ரேஸ் பைக்குகளுக்குப் பின்னால் ஸ்பிரிங் வைத்தது. சொகுசு என்று ஒதுக்கியது வேகத்துக்கும் தேவைன்னு ஆயிடுச்சு.

பிறகு வந்தது ரேபிட். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் வரைபடத் தாள்கள் இரண்டு, மேசையில் ஒன்றின்மேல் ஒன்றாக 'வி' வடிவில் விழுந்து கிடந்ததைப் பார்த்து இர்விங்குக்கு யோசனை வந்ததாக ஒரு கதை சொல்வார்கள். 1936-ல் விற்பனைக்கு வந்த அந்த 998 சி.சி. வி-ட்வின் மணிக்கு 110 மைல், அதாவது சுமார் 177 கி.மீ. போனது. இன்ஜினுக்கு வெளியே ஓடிய ஆயில் குழாய்களைப் பார்த்து, பிளம்பருக்குக் கெட்ட கனவு என்று கிண்டல் பெயரும் வைத்தார்கள்.

போர் முடிந்து 1946-ல் வந்த சீரிஸ் பி மாடலில் ஃப்ரேமையே ஏறக்குறைய காணோம். ஆயில் டேங்க்தான் முதுகெலும்பு. அதிலிருந்து இன்ஜின் தொங்குகிறது. பின்பக்க முக்கோணம் நேராக இன்ஜினின் பின்புறத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. இன்ஜினே ஃப்ரேமின் வேலையைப் பார்ப்பது இன்றைய சூப்பர்பைக்குகளில் சகஜம்.

இன்னொன்று: வின்சென்ட்டுக்கு ஸ்பேனர் தேவைப்படுவதே பிடிக்காது போல. சக்கரத்தைக் கழற்ற, செயின் டென்ஷன் மாற்ற, எல்லாம் கையாலேயே முடியும். சீட்டைத் தாங்கும் கம்பிகளில் இருந்த டேம்பரைக்கூட ஒரு குமிழைத் திருகி இறுக்கலாம், தளர்த்தலாம். ஓட்டுபவர் தன் எடைக்கும் ரோட்டுக்கும் ஏற்ப தானே மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்னைக்கு ஹேண்டில்பாரில் பட்டன் வைப்பதும் அதே எண்ணத்தில்தான்.

ஆனால் அந்தக் குமிழில் ஒரு சிக்கல் இருந்தது. அது உராய்வு டேம்பர், அதாவது தட்டுகளை ஒன்றோடொன்று அழுத்தி வைத்து ஆட்டத்தை அடக்கும் வகை. சின்ன மேடு வந்தால் தட்டுகள் அசையவே மறுக்கும். பெரிய பள்ளம் வந்தால் அந்தப் பிடி போதாது. எங்கே இளக வேண்டுமோ அங்கே இறுகும், இறுக வேண்டிய இடத்தில் தோற்கும். ஆயில் அதற்கு நேர் எதிர்: மெதுவான அசைவுக்கு வழிவிடும், வேகமான அடியை எதிர்க்கும். 1948-ல் தொடங்கிய சீரிஸ் சி-யில் பின்பக்க ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஹைட்ராலிக் டேம்பர் வந்தது. முதல் பேடன்ட்டிலிருந்து இங்கே வர 20 வருஷம் ஆயிற்று. ஆயில் போகும் துளையை நொடிக்கு நொடி மாற்றினால் என்ன என்ற அடுத்த கேள்விக்கு சென்சாரும் சிப்பும் பிறக்க வேண்டியிருந்தது.

உச்சமும் ஓட்டாண்டியும்

1948-ல் பிளாக் ஷேடோவும் வந்தது. கறுப்பு பூசிய இன்ஜின், 55 குதிரைத்திறன், 150 மைல் வரை எண் போட்ட பெரிய ஸ்பீடோமீட்டர். மணிக்கு 125 மைல், சுமார் 200 கி.மீ. அந்த செப்டம்பர் 13-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் படுகையில் ரோலி ஃப்ரீ என்பவர், ரேஸுக்காகத் தயாரித்த வின்சென்ட்டின் மேல் நீச்சல் டிரவுசரோடு குப்புறப் படுத்துக்கொண்டு 150.313 மைல் வேகம் தொட்டார். காற்றுத் தடையைக் குறைக்கவாம். அந்த போட்டோவை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க.

பேர் உலகமெங்கும் பரவிய அதே சமயத்தில் உள்ளே எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. 1947-ல் ரேபிட் ஓட்டும்போது விபத்தில் வின்சென்ட்டுக்குத் தலையில் பலத்த காயம். 1949-ல் கம்பெனி கடன்காரர்கள் சார்பில் வந்த நிர்வாகியின் கைக்குப் போனது. எச்.ஆர்.டி. என்ற எழுத்துகள் அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனோடு குழப்பம் உண்டாக்கியதால் அந்தப் பேரையும் விட்டார்கள். பைக் விலை அதிகம், ஆனால் செய்யும் செலவு அதைவிட அதிகம். தரத்தைக் குறைத்து மலிவாகச் செய்ய வின்சென்ட்டுக்கு மனம் வரவில்லை. இந்த இடத்தில் அவரை முழுசா மெச்ச முடியலை. கூலிக்கு வேலை பார்த்த ஸ்டீவனேஜ் தொழிலாளிகளுக்கு, கொஞ்சம் மலிவான பைக் இன்னும் சில வருஷம் சோறு போட்டிருக்கலாம்.

கடைசியாக வந்த சீரிஸ் டி-யில் அவருடைய சஸ்பென்ஷன் முழு வடிவம் எடுத்தது. இரண்டு ஸ்பிரிங், நடுவில் டேம்பர் என்பதற்குப் பதில், ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த ஒரே ஆம்ஸ்ட்ராங் யூனிட், சீட்டுக்கு அடியில். இப்போ நாம மோனோஷாக்குன்னு சொல்றது இதைத்தான்.

1955 டிசம்பரில் பைக் தயாரிப்பு நின்றது. (அதே வருஷம்தான் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. புல்லட்டுக்குப் பின்னால் சஸ்பென்ஷன் அப்போதே உண்டு.)

வின்சென்ட் அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. ரோட்டரி இன்ஜின் டிசைன்களில் மூழ்கினார். எதுவும் பெரிதாகக் கைகூடவில்லை. 1976-ல் தன் வாழ்க்கைக் கதையைப் புத்தகமாக வெளியிட்டார்.

அதற்குள் அவர் டிசைனுக்கு வேறு இடத்தில் மறுபிறவி. பெல்ஜிய இன்ஜினீயர் லூசியன் டில்கன்ஸ், முக்கோண ஸ்விங்ஆர்மும் ஒற்றை ஷாக்கும் கொண்ட அமைப்பை யமஹாவுக்குக் கொடுத்தார். 1973-ல் அதில் ஹோகன் ஆண்டர்சன் 250 சி.சி. மோட்டோகிராஸ் உலகப் பட்டம் வென்றார். யமஹா அதற்கு மோனோகிராஸ் என்று பேர் வைத்தது. 1928 பேடன்ட்டின் காலம் எப்போதோ முடிந்திருந்ததால் வின்சென்ட்டுக்கு இதில் காலணா வர வழியில்லை.

1979 மார்ச் 27-ல், 71 வயதில் இறந்தார். சில வருஷங்களில் ஹோண்டா, கவாஸாகி, சுஸூகி எல்லாம் ஒற்றை ஷாக்குக்கு மாறின. நம்ம ஊர் ஆர்15-ன் விவரப் பட்டியலில் ரியர் சஸ்பென்ஷன் என்ற இடத்தில் இப்பவும் மோனோகிராஸ் என்றுதான் போட்டிருக்கும்.