குளத்தங்கரையில் கதை கேட்டவர் – வ.வே.சு. ஐயர்

தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியாகப் போற்றப்படும் வ.வே.சு. ஐயர், தம் கதைகளைப் படைத்தது நமது புதுச்சேரி மண்ணில்தான் என்பதை இளைய தலைமுறையினர் பலர் அறியார். ஆதலின் அவர்தம் வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

திருச்சிராப்பள்ளி வரகனேரியில் 1881 ஏப்ரல் 2-ஆம் நாள் பிறந்த ஐயர், பாரிஸ்டர் படிப்புக்காக 1907-இல் இலண்டன் சென்றார். சாவர்க்கர் முதலியோரின் நட்பு அவரை விடுதலைப் போரில் ஈடுபடுத்திற்று. ஆங்கில அரசு தேடிய காலை மாறுவேடத்தில் தப்பி, 1910-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது இங்கிருந்தனர். எல்லையைத் தாண்டினால் சிறை என்ற நிலையில் கழிந்த அப்பத்தாண்டுகளே அவரை எழுத்தாளராக்கின. கம்பநிலையம் என்னும் பதிப்பகத்தை நடத்தினார். நாம் போற்றும் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

அவர்தம் கதைகளுக்கு ஊற்றுகள் பல. கிரேக்கப் புராணம் 'எதிரொலியாள்' ஆயிற்று. முதல் உலகப் போரின் பிரெஞ்சுக் களம் 'அழேன் ழக்கே' ஆயிற்று. ஆயினும் நிலைத்த புகழ் தந்தது, 1915-இல் 'விவேகபோதினி' இதழில் வெளிவந்த 'குளத்தங்கரை அரசமரம்' ஆகும். பாரதியாரின் 'ஆறில் ஒரு பங்கு' இதற்கு முந்தியது என்பாரும் உளர்.

வங்கக் கவி தாகூரின் கதையொன்றில் ஆற்றுப் படித்துறை தான் கண்டதைக் கூறும். அதன் தூண்டுதலால் பிறந்தது ஐயரின் கதை என்பர் ஆய்வாளர். ஆனால் பேசும் மரமும் கேட்கும் துயரமும் முற்றும் நம் நாட்டவை. வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து ஊர்களில் குளக்கரை அரசமரம் அறியாத பெண்மணி யார்? குடமெடுத்து வருவோர் பேசும் பேச்சையெல்லாம் கேட்டு நிற்பது அது.

ருக்மிணி சிறுவயதில் மணமானவள். 1906-இல் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது அவள் தந்தையின் செல்வம் அழிந்தது. உடனே புகுந்த வீட்டார் மகனுக்கு வேறு பெண் தேடினர். கணவன் நாகராஜன் நல்லவன். கடைசி நொடியில் அத்திருமணத்தை மறுத்துவிட எண்ணியிருந்தான். அதனை மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. அவள் குளத்தில் வீழ்ந்து மாண்டாள். அவன் துறவு பூண்டான்.

மனம், வாக்கு, காயம் மூன்றாலும் இம்சை புரியலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொல்ல வேண்டிய சொல்லை உரிய வேளையில் சொல்லாமையும் இம்சையே என்பதை இக்கதை காட்டுகின்றது. பொருளைக் கண்டு மருமகளை மதிப்பிடும் வழக்கம் நம் இல்லங்களினின்றும் முற்றும் நீங்கிவிட்டதா? தாய்மார்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1920-இல் தமிழகம் திரும்பிய ஐயர் 'தேசபக்தன்' ஆசிரியரானார், சிறை சென்றார், அங்கே கம்பராமாயண ஆய்வு நூல் எழுதினார். பின்னர்ச் சேரன்மாதேவியில் குருகுலம் நிறுவினார். மாணவர் உணவுப் பந்தியில் காட்டப்பெற்ற வேற்றுமை பெருஞ்சர்ச்சையானது. 1925 ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தவறி வீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளுடன் தாமும் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 44.

நூல் நிலையங்களில் அவர் கதைத் தொகுதி கிடைக்கும். மகளிரும் மைந்தரும் ஒருங்கிருந்து படித்துப் பேசுவார்களாக.