சேர் தோமஸ் லிப்டன் (1848 – 1931)

மாணவர்களே, பதுளை மாவட்டத்து அப்புத்தளையில் 'லிப்டன் சீட்' எங்கே என்று கேட்டால் மலையைக் காட்டுவார்கள். கடையில் 'லிப்டன்' என்றால் தேயிலைப் பக்கற் வரும். ஆனால் அப்பெயர் முதலில் ஒரு மனிதருடையது.

தோமஸ் லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். 1871இல் சொந்தமாகக் கடை திறந்தார். 1890இல் இலங்கைக்கு வந்து, ஊவாவில் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அங்கு விளைந்த தேயிலையை இடைத்தரகரின்றித் தம் கடைகளிலேயே மலிவாக விற்றார். கொழுந்து பறித்த நம் முன்னோரின் பெயர்கள் செக்ரோலில் இருந்தன. மலைக்கு வைக்கப்பட்டது அவர் பெயர். 1898இல் 'சேர்' பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் ஐந்து முறை கலந்துகொண்டு ஐந்திலும் தோற்றார் (இதையும் மறந்துவிடாதீர்கள்). 1931இல் காலமானார்.

இப்போது யோசியுங்கள். அவர் தேயிலையையே தொடாதிருந்தாலும் லிப்டன்தானே? தேயிலை விற்றது அவர் தொழில். பெயரின் பொருள் அன்று. பெயர் ஆளைச் சுட்டுமே தவிர, அவரது தன்மையைக் கூறாது என்பது ஆங்கிலேயத் தத்துவஞானி மில் 1843இல் எழுதிய கருத்து.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. லிப்டன் சீட்டின் பெயர் மாறவில்லை.

பயிற்சி: உங்கள் தோட்டத்துக்குக் காகிதத்தில் ஒரு பெயரும் வழக்கில் வேறொரு பெயரும் உண்டா? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.